தாயைப் பிரிந்த அசேலியா

ஆகஸ்டு மாதம். நீலகிரியில் மழை. மழை விட்டால் மேகம். மேகம் விட்டால் மறுபடியும் மழை.

குன்னூரில் ஒரு வீடு. வாசலில் ஓர் அசேலியாப் புதர் இருக்கிறது. வயது 20க்கு மேல் இருக்கும். அதன் ஒரு கிளையில் மட்டும் ஒரு கட்டு. ஒடிந்த கைக்குக் கட்டுப் போட்டது போல! உள்ளே ஈரப் பாசி. அதன்மேல் பாலிதீன் தாள். இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

கிளைக்கு அடிபடவில்லை. வேண்டுமென்றே அதன் பட்டையை உரித்து, பாசி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மே மாதம் போட்ட கட்டு. மூன்று மாதம் ஆகிவிட்டது. தாளுக்குள்ளே வேர்கள் தெரிகின்றன. தலைமுடியைப் போல மெல்லிய வேர்கள்!

இனி அந்தக் கிளையை அறுத்து எடுக்க வேண்டும். தொட்டியில் நட வேண்டும். அது ஒரு குட்டி மரம் ஆகும். ஓர் அடி உயரம்தான் இருக்கும். ஆனால் அடிமரம் கட்டைவிரலைவிடத் தடிமன். நாற்றாக நட்டு வளர்த்தால் இந்தத் தடிமன் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இங்கே மூன்றே மாதத்தில் கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டதா? அதுதான் கேள்வி!

கட்டுப் போடுவது எளிது. வேர் வருவதும் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. அறுத்து எடுத்த பிறகுதான் பல கிளைகள் சாகின்றன. அதுவும் உடனே சாவதில்லை. இரண்டு, மூன்று வாரம் பச்சையாக இருந்து ஏமாற்றிவிட்டுச் சாகின்றன.

"வறண்டது" என்று பெயர்!

அசேலியா நம் நாட்டுப் பூ அல்ல. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த பெரிய அறிஞர். அசேலியா என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. "வறண்டது" என்று பொருள். வறண்ட நிலத்தில் வளரும் செடி என்று அவர் எண்ணிவிட்டார்.

உண்மை நேர்மாறு. அசேலியாவைக் கொல்வதற்கு வறட்சியைப் போல வேறு ஒன்றும் இல்லை. அதன் வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மண்ணின் மேல்பரப்பிலேயே பின்னிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு நாள் வெயில் காய்ந்தாலே அந்த மேல்மண் உலர்ந்துவிடும். செடி தவித்துவிடும்.

தோட்டங்களில் அதிகமாகக் காணும் அசேலியாக்களுக்கு மூதாதையான சீனச் செடிக்கு ஜான் சிம்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரை வைத்திருக்கிறார்கள். குன்னூர்வாசிகள் இதைக் கேட்டவுடன் "நம் சிம்ஸ் பூங்கா சிம்ஸா?" என்று கேட்பார்கள். இல்லை. பூங்கா 1874இல் ஏற்பட்டது. சென்னை அரசாங்கத்தில் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் என்பவரின் பெயர் அது. அவர் வேறு, இவர் வேறு.

அசேலியாவுக்கு நீலகிரியிலேயே ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. தொட்டபெட்டாவிலும் முக்குறுத்தியிலும் வளரும் காட்டுப் பூவரசு. குளிர் காலத்தில் மரமே தீப்பிடித்தது போலச் செக்கச் செவேலென்று பூக்கும். பெரிய தேயிலைப் பாத்திக்கு நடுவே ஒற்றை மரமாக நிற்பதையும் பார்க்கலாம். இதன் உடன்பிறப்புகள் இருப்பது இமயமலையில். நடுவே சுமார் 2000 கிலோமீட்டர் இடைவெளி! நேபாளத்தின் தேசிய மலரும் இந்த இனம்தான்.

சொந்தக்காரன் செழிக்கிற மண்ணில் அசேலியாவும் செழிக்கிறது. இரண்டுக்கும் புளிப்பு மண் வேண்டும். தேயிலைக்கும் அதே மண்தான். அதனால்தான் எஸ்டேட் பங்களாக்களின் ஓரத்தில் அசேலியாக்கள் ஆள் உயரம் நிற்கின்றன.

உதகையில் ஒரு தோட்டக்காரர்

பட்டையை உரித்துப் பாசி வைத்துக் கட்டுவது நீலகிரிக்குப் புதிது அல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்பே உதகையில் ஒருவர் அதைப் பெரிய அளவில் செய்தார். அவர் பெயர் வில்லியம் கிரகாம் மெக்கைவர். லண்டனில் கியூ தோட்டத்தில் தொழில் படித்தவர். 1848இல் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்தார். இன்று மே மாதத்தில் மலர்க்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறதே, அந்தப் பூங்காதான்.

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். மருந்து ஒன்றுதான். கொய்னா! அது சிங்கோனா மரத்தின் பட்டையில் இருந்து கிடைப்பது. மரமோ தென் அமெரிக்காவில் இருந்தது. 1860, 1861ஆம் ஆண்டுகளில் அதன் விதைகளையும் செடிகளையும் கப்பலில் ஏற்றி நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் மடிந்த செடிகள் பல. வந்து சேர்ந்தவை சில. அவற்றை மெக்கைவரிடம் ஒப்படைத்தார்கள்.

சில செடிகளை வைத்து மலை முழுவதும் தோட்டம் போட வேண்டும். விதைக்காகக் காத்திருக்க முடியுமா? அவர் கிளைகளைப் பதியன் போட்டார். தண்டுகளை வெட்டி நட்டார். ஒற்றை மொட்டைக்கூட நட்டு முளைக்க வைத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

மரம் வளர்ந்தது. அடுத்த சிக்கல் வந்தது. மருந்து பட்டையில் இருக்கிறது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். என்ன செய்வது?

மெக்கைவர் ஒரு வழி கண்டார். மரத்தின் பட்டையை நீள நீளமான பட்டிகளாக உரித்தார். முழுவதும் உரிக்கவில்லை. ஒரு பட்டியை எடுத்தால் அடுத்ததை விட்டுவைத்தார். உரித்த இடத்தின் மேல் பாசியை வைத்துக் கட்டினார். வெயிலும் காற்றும் படாத அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தது! அந்தப் புதுப்பட்டையில் மருந்துச் சத்தும் அதிகமாக இருந்தது. "பாசி கட்டும் முறை" என்றே இதற்குப் பெயர் வந்தது. மெக்கைவர் 1876இல் காலமானார்.

அசேலியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கிறது. சிங்கோனாவில் பட்டையைப் பாதி விட்டுவைத்ததால் மரம் காயத்தை ஆற்றிக்கொண்டது. அசேலியாவில் வேண்டியது ஆறுவது அல்ல, வேர். எனவே ஓர் இழைகூட விடாமல் வளையமாக உரிக்க வேண்டும். மேலேயும் கீழேயும் உள்ள பட்டையை இணைக்கும் ஒரு சின்னப் பாலம் இருந்தாலும் போதும். மரம் அந்தப் பாலத்தைக் கொண்டே காயத்தை மூடிவிடும். வேர் விடாது. "மூன்று மாதம் கட்டி வைத்தேன், ஒன்றும் வரவில்லை" என்று சொல்பவர்களின் கட்டைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி இந்தப் பாலம்தான் இருக்கும்.

பட்டை வேறு, கட்டை வேறு

மரத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மேலே போகும் பாதை. வேர் உறிஞ்சிய தண்ணீர் அதில் போகிறது. அது உள்ளே கட்டையில் இருக்கிறது. மற்றொன்று கீழே வரும் பாதை. இலை சமைத்த உணவு அதில் வருகிறது. அது வெளியே பட்டையில் இருக்கிறது.

பட்டையை மட்டும் வளையமாக உரித்தால் என்ன ஆகும்? தண்ணீர் வழக்கம்போல் மேலே போகும். இலை வாடாது. ஆனால் உணவு கீழே இறங்க முடியாது. காயத்தின் மேல் உதட்டில் வந்து தேங்கும். அந்த இடம் வீங்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மால்பிகி என்ற மருத்துவர் மரங்களில் பட்டையை வளையமாக எடுத்து இந்த வீக்கத்தைப் பார்த்தார்.

உணவோடு இன்னொரு சரக்கும் நுனியிலிருந்து கீழே வருகிறது. செடியை வளரச் சொல்லும் ஒரு பொருள். ஆக்சின் என்று பெயர். 1920களில் நெதர்லாந்தில் வெண்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளைகளை வைத்து இது இருப்பதை மெய்ப்பித்தார். இந்த ஆக்சினும் காயத்தின் மேல் உதட்டில் சேருகிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் அங்கே வேர் பிறக்கிறது. இன்று கடைகளில் வேர்த்தூள் என்று விற்கிறார்களே, அதில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான்.

இந்த முறைக்கு விண்பதியம் என்று பெயர். கிளையை மண்ணுக்கு வளைக்காமல், அந்தரத்திலேயே மண்ணை, அதாவது பாசியை, கிளைக்குக் கொண்டுபோவது. மாதுளை, கொய்யா, எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். சீனாவில் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். முன்பெல்லாம் பாசி காய்ந்துபோகாமல் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு அது தோட்டங்களுக்கு வந்தது. அந்த வேலை மிச்சமாயிற்று. ஆனால் நீலகிரியில் இன்று ஒரு எச்சரிக்கை. மலையில் பாலிதீன் பைகளுக்குக் கடுமையான தடை இருக்கிறது. தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. நீலகிரி அதற்கு முன்பே தடுத்துவிட்டது. எனவே வீட்டில் கிடக்கும் பழைய தாளையே பயன்படுத்துகிறார்கள். கட்டைப் பிரித்ததும் கழுவி அடுத்த கிளைக்கு எடுத்து வைக்கிறார்கள். பள்ளத்தில் வீசுவதில்லை.

அறுக்கும் நாள்

குன்னூர் வீட்டுக்குத் திரும்புவோம்.

வேர் தெரிகிறது என்றவுடன் அறுத்துவிடக் கூடாது. முதலில் தெரிவது வெள்ளை வேர். அது பச்சிளம் குழந்தை. தொட்டால் ஒடியும். அது பழுப்பேறி, பக்கவேர் விட்டு, பாசியைச் சுற்றிப் பின்னிக்கொள்ள வேண்டும். சில செடிகளுக்கு இரண்டு மாதம். சிலவற்றுக்கு நான்கு மாதம். குளிர்ந்த உதகையில் இன்னும் கூடவும் ஆகலாம். தாளின் எல்லாப் பக்கத்திலும் வேர் தெரிவதுதான் கணக்கு. ஒரே பக்கத்தில் மட்டும் வேர் இருந்தால் மரம் ஒரு பக்கமாகவே பிழைக்கும்.

ஏன் ஆகஸ்டு? இரண்டு காரணம். ஒன்று, தென்மேற்குப் பருவமழைக் காற்றில் ஈரம் இருக்கிறது. இலையிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறாது. இரண்டு, நவம்பர் கடைசியில் உறைபனி தொடங்கும். அதற்குள் மூன்று மாதம் கைவசம் இருக்கிறது.

கட்டுக்குக் கீழே கூரான சிறு ரம்பத்தால் அறுக்கிறார்கள். கிளை கைக்கு வந்துவிட்டது.

இந்த நிமிடத்தில்தான் எல்லாம் மாறுகிறது. நேற்று வரை இந்தக் கிளைக்குத் தாயின் பெரிய வேர்க்கூட்டம் தண்ணீர் கொடுத்தது. இன்று அது இல்லை. தொப்புள்கொடி அறுந்துவிட்டது. மேலே நூற்றுக்கணக்கான இலைகள். கீழே ஒரு கைப்பிடி வேர். கல்யாணக் கூட்டத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர்!

அசேலியாவின் இலை தடித்தது, பசுமை மாறாதது. கட்டையில் மிச்சமிருக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டே பல நாள் பச்சையாகத் தெரியும். ரோஜாவாக இருந்தால் மறுநாளே தலையைத் தொங்கவிட்டு உண்மையைச் சொல்லிவிடும். அசேலியா சொல்லாது. அதைப் பார்த்துவிட்டு "பிழைத்துவிட்டது" என்று வெயிலில் தூக்கி வைப்பவர்கள் பலர்.

பாசியைப் பிடுங்காதே!

நடும்போது எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வேரில் ஒட்டியிருக்கும் பாசியை எடுத்துவிட்டுச் சுத்தமாக நட வேண்டும் என்று தோன்றும். எடுத்தால் வேரும் கூடவே வந்துவிடும். பாசி அப்படியே இருக்கட்டும். வெளியே தொங்குவதை மட்டும் கத்தரித்தால் போதும். மிச்சத்தை ஓர் ஆண்டுக்குப் பிறகு மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டி? படங்களில் பார்க்கும் தட்டையான பொன்சாய்த் தட்டு இப்போது வேண்டாம். கொஞ்சம் ஆழமான மண் தொட்டி, அல்லது அடியில் ஓட்டை போட்ட மரப்பெட்டி நல்லது. அழகுக்கு அவசரமில்லை.

மண்? ஜப்பானில் கனுமா என்ற ஊர் இருக்கிறது. எரிமலை கக்கிய மஞ்சள் நிறச் சரளை மண் அங்கே கிடைக்கிறது. எடை இல்லாதது. புளிப்பானது. ஈரமாக இருந்தால் நிறம் கறுக்கும், காய்ந்தால் வெளுக்கும். எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மண்ணே சொல்லும்! அங்கே சத்சுகி என்ற அசேலியாக்களை அந்த மண்ணில்தான் வளர்க்கிறார்கள். சத்சுகி என்றால் பழைய கணக்கில் ஐந்தாம் மாதம். அந்தப் பருவத்தில் பூப்பதால் அந்தப் பெயர்.

நீலகிரியில் கனுமா மண்ணுக்கு எங்கே போவது? நன்றாக மட்கிய இலைமண், கழுவிய பருமணல், உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு. இவற்றைக் கலந்து, சலித்து, தூசியை நீக்கிவிட்டால் போதும். தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்க வேண்டும், ஆனால் ஈரம் தங்க வேண்டும். தாய்ச் செடியின் அடியிலிருந்து ஒரு பிடி மண் சேர்ப்பது மிகவும் நல்லது. அசேலியாவின் வேரோடு கூடி வாழும் நுண்ணிய பூஞ்சை ஒன்று உண்டு. வேருக்குச் சத்துத் தேடிக் கொடுப்பது அதுதான். அதுவும் அந்தப் பிடி மண்ணோடு வந்துவிடும். இலைமண்ணுக்காகச் சோலைக்காட்டுக்குள் போகக் கூடாது. அங்கே மண் எடுப்பதும், காட்டுப் பூவரசைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம்.

சாம்பல் ஆகாது. சுண்ணாம்பு ஆகவே ஆகாது. மண்ணின் புளிப்பு போய்விட்டால் அசேலியாவால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அசேலியா வளர்க்க முயன்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மலையில் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நட்டபின் செடியைத் தொட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே கனம், கீழே பிடிப்பு இல்லை. காற்று ஒருமுறை ஆட்டினால் புதுவேர் பத்து ஒடியும். ஆடாமல் இருப்பதுதான் முதல் மருந்து.

ஆறு வாரம்

அடுத்த ஆறு வாரம்தான் ஆபத்தான காலம். வீட்டிலே பேறுகாலமான பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வோம்? காற்றுப் படாமல், அலைச்சல் இல்லாமல். அப்படித்தான்.

நிழலான, காற்று மறைவான இடத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் அல்ல. இலைக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருந்தால்தான் உணவு சமைக்கும். உணவு இருந்தால்தான் வேர் வளரும். வராந்தாவின் வடக்கு ஓரம் பொருத்தம். கண்ணாடிப் பெட்டி இருந்தால் கவிழ்த்து மூடலாம். தினமும் கொஞ்ச நேரம் திறக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பின் திறக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தேயிலை நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டி நட்ட தண்டுகளை முதலில் மூட்டத்தில் வைத்து, பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் வெயில் காட்டுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் தேவை. தொட்டியில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நடுவே பாசி உருண்டை. சுற்றிலும் மண். இரண்டும் ஒரே மாதிரி காய்வதில்லை. மண் காய்ந்திருக்கும், பாசி நனைந்திருக்கும். அல்லது மண் ஈரமாக இருக்கும், பாசி உலர்ந்து தக்கையாகியிருக்கும். வேர் இருப்பது பாசியில். எனவே மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாசிக்குள் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் ஊற்ற வேண்டாம். இலைமேல் மட்டும் தண்ணீர் தெளித்தால் போதும். அன்பு மிகுதியால் நாள்தோறும் குடம் குடமாக ஊற்றி வேரை அழுக வைத்தவர்கள் அதிகம். வேர் அழுகினாலும் இலை வாடும். "ஐயோ, தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஊற்றுவார்கள்!

எரு? கூடாது. ஆறு வாரமும் எதுவும் கூடாது. பச்சை வேரில் உரம் பட்டால் வெந்துவிடும். புதுத் துளிர் வந்த பிறகு, மிகவும் நீர்க்கக் கரைத்துக் கொஞ்சம் கொடுக்கலாம்.

இலையைக் குறைக்கலாமா? கொஞ்சம் குறைக்கலாம். உள்ளே நெருங்கிக் கிடக்கும் சின்னக் குச்சிகளை எடுக்கலாம். மொட்டையடிக்கக் கூடாது. இன்னொன்று. பெரும்பாலான மரங்கள் உச்சியில் வேகமாக வளரும். அசேலியா அப்படி அல்ல. அடிக்கிளைதான் அதற்கு வலிமை, உச்சி பலவீனம். எனவே உச்சியில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கம்பி சுற்றி வளைப்பதும் இந்த ஆண்டு வேண்டாம். அசேலியாக் கிளை சட்டென்று முறியும்.

செடி எப்படி இருக்கிறது என்று அறிவது எப்படி? காலையில் பார்க்க வேண்டும். நடுப்பகலில் இலை சற்றுத் தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலேயே தொங்கினால் வேரில் கோளாறு. அடியில் உள்ள பழைய இலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. இலை பழுப்பாகி, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காய்ந்தால் அந்தக் கிளை போய்விட்டது. சந்தேகம் இருந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டலாம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நாள்தோறும் சுரண்டிப் பார்க்கக் கூடாது! தொட்டியிலிருந்து தூக்கி வேரைப் பார்ப்பதும் அப்படியே. நம் குழந்தைகள் வெண்டை விதையைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பார்களே, அதே கதைதான்.

மொட்டைக் கிள்ளும் கை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டது. பிரித்து வைத்த செடி பிழைத்துவிட்டது. ஒரு நாள் நுனியைப் பார்த்தால் குண்டு குண்டாக மொட்டுகள்!

வீட்டில் மகிழ்ச்சி. "மொட்டு விட்டுவிட்டது. இனி பயமில்லை" என்கிறார் பாட்டி. தோட்டவேலை தெரிந்த மருமகளுக்கோ முகம் வாடுகிறது. "அத்தை, இதைக் கிள்ளிவிட வேண்டும்" என்கிறாள். "என்னடி அநியாயம்! முதல் பூவைக் கிள்ளுவார்களா?" என்று கேட்கிறார் பாட்டி.

மருமகள் சொல்வதே சரி. இந்த மொட்டுகள் நலத்தின் அடையாளம் அல்ல. பல மொட்டுகள் தாயோடு இருந்தபோதே உருவாகத் தொடங்கியவை. துன்பப்பட்ட செடி இன்னும் அதிகமாக மொட்டு வைப்பதும் உண்டு. பூப்பது பெரிய செலவு. அசேலியா பூத்தால் இலை தெரியாமல் பூக்கும். அந்தச் செலவுக்கு இந்தக் கைப்பிடி வேர் தாங்காது. பூத்து முடித்துவிட்டு அப்படியே துவண்டுபோன குட்டி மரங்கள் எத்தனையோ உண்டு.

பாட்டிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பூவுக்காகத்தானே இத்தனை பாடு? அதனால் சில வீடுகளில் சமாதானமாக ஒரே ஒரு மொட்டை விட்டுவைக்கிறார்கள். அது என்ன நிறம் என்று பார்த்துவிட்டு, வாடியவுடன் அடியோடு கிள்ளிவிடுகிறார்கள். ஒரு பூவால் குடி முழுகிவிடாது. மற்றவை எல்லாம் போக வேண்டும்.

கிள்ளிய மொட்டையும் கத்தரித்த இலையையும் ஆட்டுக்குப் போடக் கூடாது. அசேலியாவின் இலையிலும் பூவிலும் நஞ்சு இருக்கிறது. ஆடு, மாடு தின்றால் நோவு வரும், உயிரும் போகலாம். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கி.மு. 400 வாக்கில் கருங்கடல் ஓரமாக ஒரு கிரேக்கப் படை நாடு திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் கிடைத்த தேனை வீரர்கள் தின்றார்கள். தலை சுற்றி, வாந்தி எடுத்து, நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். அந்த மலைகளில் பூக்கும் அசேலியா இனத்துப் பூக்களின் தேன் அது. மூன்று, நான்கு நாளில் எழுந்துவிட்டார்களாம். அந்தப் படையில் இருந்த செனபோன் என்பவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

மிலார் போர்வை

டிசம்பர். உதகை சுமார் 7,300 அடி உயரம். குன்னூர் சுமார் 6,000 அடி. குன்னூர்க்காரர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்வார்கள். உதகையில் புல்வெளி விடியற்காலையில் வெள்ளை விரித்தது போல இருக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை. செடி வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரையும்.

உதகைத் தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் ஒரு வேலை நடக்கும். கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழைகளைக் கொண்டுவந்து, பனி தாங்காத நாற்றுகளின்மேல் கூடாரம் போல மூடுவார்கள். சூரியன் எழுவதற்கு முன் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். உறைபனிமேல் வெயில் பட்டால் புல் கருகிவிடும்.

வளர்ந்த அசேலியாவுக்கு இந்தக் குளிர் பெரிதல்ல. அது குளிர்நாட்டுப் பிள்ளை. ஆனால் தொட்டியில் இருக்கும் புதுவேர் வேறு. தரையில் இருக்கும் வேரை மண் காப்பாற்றும். தொட்டியில் நான்கு பக்கமும் குளிர் தாக்கும். எனவே இரவில் வராந்தாவுக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். அடியில் பலகை, தொட்டியைச் சுற்றி வைக்கோல் அல்லது சாக்கு. அடுப்பங்கரைச் சூட்டில் வைப்பதும் தவறு. சூடு பட்டால் நடுக்குளிரில் துளிர் விடும். அந்தத் துளிர் பனியில் கருகும்.

இன்னொரு ஏமாற்று உண்டு. உதகையில் ஜனவரி, பிப்ரவரியில் மழை இல்லை. வானம் நீலமாக இருக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று வறண்டிருக்கும். "குளிர்காலம்தானே" என்று தண்ணீரை மறந்துவிடுவார்கள். பனியில் தப்பிய செடி இந்த வெயிலில் காய்ந்துபோகும்.

மார்ச்சு வந்து, இளம்பச்சைத் துளிர்கள் எல்லாக் கிளையிலும் ஒன்றாகக் கிளம்பினால், அதுதான் உண்மையான செய்தி. கட்டையில் இருந்த மிச்சத் தண்ணீரில் வந்த துளிர் அல்ல. சொந்த வேரில் வந்த துளிர். இப்போது காலை வெயிலுக்கு வைக்கலாம். லேசான எருத் தண்ணீர் ஊற்றலாம். அந்த ஆண்டு முழுவதும் இதே தொட்டிதான். அடுத்த ஆண்டு பூத்து முடிந்ததும் தட்டையான தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அப்போதுதான் பழைய பாசியை ஒரு குச்சியால் மெல்ல நீவி எடுத்து, வேர்களை நட்சத்திரம் போல நான்கு பக்கமும் பரப்புகிறார்கள்.

வாசலில் நிற்கும் தாய்ச் செடி என்ன ஆயிற்று? அறுத்த இடத்தில் ஒரு முண்டு. அசேலியாவுக்குப் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் சக்தி உண்டு. அந்த முண்டுக்குக் கீழே, இலையே இல்லாத இடத்தில், ஊசிமுனை போல் பச்சைப் புள்ளிகள் கிளம்புகின்றன. பத்து, பதினைந்துகூட வரும். நல்ல திசையில் வளரும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறார்கள்.